மிதக்கும் காற்றாலையா, அலை மின்சாரமா? வேலை மாற நினைக்கும் ஒரு பொறியாளருக்கு

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மெக்கானிக்கல் படித்துவிட்டு எட்டு வருடமாக வளைகுடாவில் எண்ணெய்த் தளங்களின் நங்கூரச் சங்கிலிகளை ஆய்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் மிதவைக் காற்றாலை நிறுவனம் ஒன்றின் நங்கூரப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. அங்கேயே கடல் அலை மின்சாரத்தில் முதுகலை படிக்கவும் இடம் இருக்கிறது. எதை எடுக்கலாம்? அரசு மானியம் நின்றால் இந்தத் துறையே படுத்துவிடும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். இவை நம் கடலுக்கு வருமா? வந்தால் எங்கள் ஆட்களின் வலைக்கு என்ன வழி?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நங்கூரப் பிரிவு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அலை மின்சாரத்தைப் படிக்க ஆசை இருந்தால் வேலையோடு சேர்த்துப் படியுங்கள். அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

காற்றாலை மிதக்குமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. 2009-ல் நார்வேயின் கார்மோய் தீவுக்கு வெளியே 2.3 மெகாவாட் இயந்திரம் ஒன்றை மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். 2017-ல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் ஊருக்கு எதிரே, தலா 6 மெகாவாட் கொண்ட ஐந்து இயந்திரங்களுடன் ஹைவிண்ட் ஸ்காட்லாந்து தொடங்கியது. உலகின் முதல் மிதவைக் காற்றாலைப் பண்ணை அதுதான். அங்கே ஆழம் 95 முதல் 120 மீட்டர், உங்கள் ஊர்க் கணக்கில் ஐம்பது பாகத்துக்கும் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) மேல். முதல் ஐந்து வருடத்தில் அதன் சராசரி உற்பத்தி முழுத் திறனில் 54 சதவீதம். முப்பந்தலின் பழைய இயந்திரங்கள் அதில் பாதியைத் தொட்டாலே நல்ல வருடம் என்போம். பிறகு போர்ச்சுகலில் விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக் (25 மெகாவாட், 2020), அபர்டீனுக்கு எதிரே கின்கார்டின் (சுமார் 50 மெகாவாட், 2021), நார்வேயில் ஹைவிண்ட் டாம்பென் (88 மெகாவாட், 2023) என்று வந்தன. டாம்பெனின் மின்சாரம் போவது ஸ்னோர், குல்ஃபாக்ஸ் என்ற இரண்டு எண்ணெய் வயல்களின் தளங்களுக்கு. எண்ணெய் எடுக்கக் காற்று உதவுகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே நுழைவாயில்.

மிதப்பதில் இருந்த பெரிய சிக்கல் கவிழ்வது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையான சிக்கல் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது. காற்று ஏறக்குறைய நொடிக்கு 11 மீட்டரைத் தாண்டியதும், மின்சாரம் அளவுக்கு மேல் போகாமல் இறக்கைகள் தம் கோணத்தை மாற்றிக் காற்றை நழுவவிடும். தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு இது சரி. மிதவையில் நிற்பது முன்னால் சாயும்போது எதிர்க்காற்று கூடியதுபோல் தெரியும். கருவி உடனே இறக்கையைத் திருப்பும். காற்றின் தள்ளுவிசை குறையும். முன்னால் சாய்வதைத் தடுக்க வேண்டிய விசை அந்த நேரத்தில்தான் காணாமல் போகும். பின்னால் சாயும்போது இதன் நேர் எதிர். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல ஆட்டம் கூடிக்கொண்டே போகும். மிதவை ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க 25, 30 நொடி ஆகும் என்றால், இறக்கைக் கருவி அதைவிட மெதுவாகச் செயல்படும்படி அமைப்பதுதான் தீர்வு. மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இன்று கையைக் கடிப்பது பழுதுபார்ப்பு. கடல் தரையில் ஊன்றிய காற்றாலையில் கியர்பாக்ஸோ ஜெனரேட்டரோ போனால், கால்களைத் தரையில் ஊன்றி நீருக்கு மேலே எழும்பி நிற்கும் ஜாக்-அப் கப்பல் வந்து, அசையாத கிரேனால் தூக்கி மாற்றிவிடும். 60, 70 மீட்டர் ஆழத்துக்கு மேல் அந்தக் கால்கள் எட்டாது. மிதக்கும் கிரேன் கப்பலைக் கொண்டுவந்தால் கப்பலும் ஆடும், இயந்திரமும் ஆடும்; நூறு மீட்டருக்கு மேலே, நூறு டன் பாகத்தை போல்ட் துளைக்கு நேரே நிறுத்த வேண்டும். அதனால் இயந்திரத்தையே கழற்றித் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள். மின் இணைப்பைத் துண்டித்து, கேபிள் முனையை நீர் புகாமல் மூடி, தரையில் கிடத்த வேண்டும் அல்லது மிதவையில் கட்ட வேண்டும். வரிசையில் அதற்குப் பின்னால் இருக்கும் இயந்திரங்கள் இருளாமல் இருக்க மாற்று இணைப்பு போட வேண்டும். பிறகு நங்கூரக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றி அடையாள மிதவையில் விட வேண்டும். முன்னால் இழுத்துச் செல்ல ஒரு பெரிய டக் படகு, தாங்கிப் பிடிக்க ஒன்றிரண்டு டக். இத்தனைக்கும் அலை இரண்டு, இரண்டரை மீட்டருக்குள் சில நாட்கள் சேர்ந்தாற்போல் அடங்கி இருக்க வேண்டும். வட கடலில் குளிர்காலத்தில் அப்படி நாள் கிடைப்பது அபூர்வம். நவம்பரில் பழுதானால் ஏப்ரல் வரை சும்மா நிற்கும், அதுவும் காற்று அள்ளிக் கொடுக்கும் மாதங்களில்.

கின்கார்டினில் 2022-ல் ஓர் இயந்திரத்தின் ஜெனரேட்டரை மாற்ற, அதை வட கடல் தாண்டி ராட்டர்டாமுக்கு இழுத்துப் போனார்கள். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் ஐந்து இயந்திரங்களும் 2024-ல் முதன்மை பேரிங் மாற்றுவதற்காக நார்வேயின் குலென் பகுதிக்குப் போய் வந்தன. பீட்டர்ஹெட் பக்கத்திலேயே இருக்க நார்வே எதற்கு? அந்த மிதவை ஸ்பார் வகை. நீருக்குக் கீழே மட்டும் 78 மீட்டர் நீளும் எடையேற்றிய உருளை. அதை நிமிர்ந்த நிலையில் கரை அருகே கொண்டுவர ஃபியோர்டு எனும் மலையிடுக்குக் கடலின் ஆழம் வேண்டும். ஸ்பார் அமைதியாக நிற்கும், செய்வதும் எளிது; ஆனால் ஃபியோர்டு இல்லாத நாட்டில் அது துறைமுகம் நுழையாத பொருள். மூன்று தூண்களைச் சட்டத்தால் இணைத்த செமி-சப்மெர்சிபிள் வகைக்குத் துறைமுகங்கள் சாய்வது இதனால்தான். 2024-ல் கின்கார்டினிலேயே ஒரு ஜெனரேட்டரைக் கடலில் வைத்தே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். அது வழக்கமாகிவிட்டால் துறையின் கணக்கே மாறும். நேர்காணலில், பெரிய பாகம் போனால் இழுத்து வருவீர்களா, அங்கேயே மாற்றுவீர்களா என்று நீங்கள் அவர்களிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லாத நிறுவனம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது கேபிள். சாதாரணக் கடலடிக் கேபிள் தரையில் படுத்துக் கிடக்கும். இங்கே கேபிள் மிதவையிலிருந்து தொங்கி, இருபது முப்பது வருடம் ஓயாமல் வளைந்து நிமிர வேண்டும். அதற்காக நடுவில் மிதவைக் கட்டைகளைக் கட்டி, நீருக்குள் ஒரு வளைவாக எழுந்து இறங்கும்படி விடுகிறார்கள்; மிதவை நகரும்போது இழுவை அந்த வளைவோடு நின்றுவிடும். பழுது வரும் இடங்கள் உங்களுக்குப் புதிதல்ல: மேலே தொங்கும் முனை, தரையைத் தொடும் இடம். இதில் கூடுதல் சிக்கல் ஈய உறை. வழக்கமான உயர் அழுத்தக் கேபிளில் நீர் புகாமல் காப்பது ஈயம்தான். திரும்பத் திரும்ப வளைந்தால் ஈயம் வெடிப்பு விடும். 66 கிலோவோல்ட் வரை ஈயம் இல்லாமல், ஈரத்தைத் தாங்கும் காப்புப் பொருளால் சமாளிக்கிறார்கள். கரைக்கு மின்சாரம் அனுப்பும் 220 கிலோவோல்ட் அளவில், ஓயாமல் ஆடும் கேபிளுக்கு நீண்ட காலப் பணி அனுபவம் இன்னும் சேரவில்லை. அது சேரும்வரை ஆழ்கடல் பண்ணைக்கான மிதக்கும் துணை மின்நிலையம் துணிச்சலான முதலீடாகவே இருக்கும். ஜப்பான் ஃபுகுஷிமாவில் 2013-லேயே 66 கிலோவோல்ட்டில் அப்படி ஒன்றை மிதக்கவிட்டது. அந்தத் திட்டத்தின் இயந்திரங்கள் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் பின்னால் அகற்றப்பட்டன. சிப்பியும் பாசியும் ஏறிய கேபிள் எடை கூடி, எழும்பி நிற்க வேண்டிய வளைவு தரையில் படுத்துவிடுவதும் உண்டு. வடிவமைப்பில் அதற்கு எடை ஒதுக்கியிருப்பார்கள். உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று கேமரா அனுப்பிப் பார்ப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

இனி உங்கள் பகுதி, நங்கூரம். எண்ணெய்த் துறையில் ஒரு மிதவைக் கப்பலுக்கு ஒன்பது, பன்னிரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். ஆய்வுச் செலவு எண்ணெயின் மதிப்புக்கு முன்னால் தூசு. காற்றாலைக்குப் பெரும்பாலும் மூன்றே கோடுகள். ஒன்று அறுந்தால் மிதவை நூற்றுக்கணக்கான மீட்டர் விலகி, முதலில் கேபிளைப் பிய்த்துக்கொள்ளும். மூன்றை ஆறாக்கலாம், ஆனால் பணம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். குறுக்குக்கட்டை இல்லாத 132 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 350 கிலோ. ஒரு கோட்டில் 600 மீட்டர் என்றால் 210 டன்; ஒரு மிதவைக்கு 630 டன்; 15 மெகாவாட் இயந்திரங்கள் நூறு நிறுத்தினால் சங்கிலி மட்டும் 63,000 டன். கோடுகள் முந்நூறு, நங்கூரங்கள் முந்நூறு. இத்தனை பெரிய சங்கிலியைச் செய்து தரும் ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் நடுப்பகுதிக்கு பாலியெஸ்டர் அல்லது நைலான் கயிறு, மேலும் கீழும் மட்டும் சங்கிலி என்று போகிறார்கள். கயிறு தரையில் உரசக்கூடாது. மணல் இழைக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அறுக்கும். பாலியெஸ்டர் முழுக்கத் தளர்ந்துவிட்டு வெடுக்கென்று இறுகுவதும் கூடாது. நைலான் அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் ஈரத்தில் இழையும் இழையும் தேய்ந்து ஆயுள் குறையும்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. எண்ணெய்த் தளத்தின் சங்கிலியை இழுப்பது அலையும் நீரோட்டமும். காற்றாலையில் இவற்றோடு விசிறியின் தள்ளுவிசை வருடம் முழுவதும் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டே இருக்கும். 15 மெகாவாட் இயந்திரத்தில் அது உச்சத்தில் 200 டன்னுக்கும் மேல். காற்று வரும் திசையில் உள்ள கோடு எப்போதும் இறுகியே இருப்பதால் அந்தச் சங்கிலியின் மேல் முனை வளையங்கள் பக்கவாட்டில் வளைந்து களைப்படையும். நீங்கள் இப்போது அளக்கும் வளையத் தேய்மானத்தோடு இந்த வளைவுக் களைப்பையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். எட்டு வருடம் துருப்பிடித்த வளையங்களை நேரில் பார்த்தவர்கள் இந்தத் துறையில் குறைவு. கணினியில் சங்கிலி வரைந்தவர்கள் நிறைய.

துறைமுகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 மெகாவாட்டுக்கான செமி-சப்மெர்சிபிள் ஒன்று ஏறக்குறைய நூறு மீட்டர் அகலம், 4,000 டன் எஃகு. அதன்மேல் 236 மீட்டர் விட்டமுள்ள விசிறி. நூறு இயந்திரப் பண்ணையை இரண்டு கோடைக்குள் முடிக்க வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வெளியே போக வேண்டும். முடிந்தவற்றைக் காத்திருக்க வைக்க அமைதியான நீர்ப்பரப்பும் வேண்டும். இதற்கான வார்ஃப் (கப்பல் அணையும் மேடை) ஐரோப்பாவில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. திட்டங்கள் தள்ளிப்போவதற்குத் தொழில்நுட்பத்தைவிட இதுவே பெரிய காரணம்.

மானிய பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. பிரிட்டன் அரசு மின் விலை ஒப்பந்தத்துக்காக நடத்திய 2024 ஏலத்தில் தரையில் ஊன்றிய புதிய கடல் காற்றாலைகளுக்கு மெகாவாட்-மணிக்கு 58.87 பவுண்ட் கிடைத்தது. கிரீன் வோல்ட் என்ற 400 மெகாவாட் மிதவைத் திட்டத்துக்கு 139.93 பவுண்ட். இரண்டுமே 2012 விலைமட்டத்தில். இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்கு முந்தைய வருடம் அரசு வைத்த உச்சவரம்பு 116 பவுண்ட்; மிதவைக்கு யாருமே வரவில்லை. ஹைவிண்ட் டாம்பென் 5 பில்லியன் குரோனரில் தொடங்கி 7 பில்லியனைத் தாண்டியது. டிரோல்விண்ட் என்ற 1,000 மெகாவாட் நார்வேத் திட்டத்தை 2023-ல் கிடப்பில் போட்டார்கள். ஆக, இந்தத் துறை அரசு ஒப்பந்தத்தில்தான் மூச்சு விடுகிறது, இன்னும் பல வருடம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்து 2022 ஜனவரியில் குத்தகைக்கு விட்ட சுமார் 25,000 மெகாவாட் கடற்பரப்பில் பாதிக்கு மேல் மிதவைக்கானது, காரணம் அங்கே ஆழம் அவ்வளவு. தரையில் ஊன்ற வசதியான 60 மீட்டருக்குள்ளான கடல் எல்லா நாட்டிலும் இல்லை. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்துக்குக் கையில் இருப்பது கடற்பரப்புக் குத்தகை மட்டுமா, மின் விலை ஒப்பந்தமும் கிரிட் இணைப்புத் தேதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். குத்தகை மட்டும் என்றால் சம்பளக் குறைவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கை அனுபவம் எண்ணெய்க்கும் செல்லும் என்பதால், இது நின்றாலும் நீங்கள் நிற்க மாட்டீர்கள். நங்கூரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

அலை மின்சாரத்தில் நிலைமை வேறு. காற்றாலை என்றால் மூன்று இறக்கை என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அலைக்கு அப்படி ஒரு வடிவம் ஐம்பது வருடத்தில் முடிவாகவில்லை. 1970-களில் எடின்பரோவின் ஸ்டீபன் சால்டர் செய்த வாத்து வடிவ மிதவை முதல் இன்று வரை வந்தவை: பாம்புபோல் மடங்குவது, கதவுபோல் ஆடுவது, மிதவை ஏறி இறங்குவது, அறைக்குள் காற்றை அழுத்துவது. ஒவ்வொன்றும் புதிதாகவே தொடங்குகிறது; முந்தையது கற்றது அடுத்ததற்குப் போய்ச் சேர்வதில்லை.

இதன் வேர் ஒரு எளிய சூத்திரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகல அலைமுகப்பில் வரும் ஆற்றல் கிலோவாட்டில், ஏறக்குறைய 0.49 பெருக்கல் அலை உயரத்தின் வர்க்கம் பெருக்கல் அலை நேரம். இரண்டு மீட்டர் அலை, எட்டு நொடி என்றால் சுமார் 16 கிலோவாட். புயலில் பத்து மீட்டர், பதினான்கு நொடி என்றால் 690 கிலோவாட்டுக்குப் பக்கம். வருமானம் தருவது 16. தாங்கும்படி கட்ட வேண்டியது 690. காற்றாலை புயலில் இறக்கையைத் திருப்பி ஒதுங்கிக்கொள்ளும். அலை இயந்திரம் நீருக்குள்ளேயே இருக்கிறது, ஒதுங்க இடம் இல்லை. போதாததற்கு, அலை தள்ளுவது மெதுவாக, பெரிய விசையோடு, எட்டு நொடிக்கு ஒரு முறை திசை மாறி. ஜெனரேட்டர் கேட்பது வேகமான, ஒரே திசைச் சுழற்சி. நடுவில் வைக்கும் ஹைட்ராலிக், கியர், காற்று டர்பைன் எல்லாமே சராசரியைப்போல் பத்து மடங்கு உச்சத்தைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும், பெரும்பாலான நேரம் பாதித் திறனில்கூட ஓடாது.

போர்ச்சுகலின் அகுசடோராவில் 2008-ல் மூன்று பெலாமிஸ் இயந்திரங்கள், தலா 750 கிலோவாட், கட்டப்பட்டன. சில மாதங்களில் மூட்டு பேரிங் தொல்லையால் கரைக்கு வந்தன. பணம் போட்ட நிறுவனம் நிதி நெருக்கடியில் விழுந்தது. திரும்பக் கடலுக்குப் போகவில்லை. பெலாமிஸ் நிறுவனம் 2014-ல் மூடியது. அதே வருடம் தெற்கு ஆஸ்திரேலியாவில் 3,000 டன் எடையுள்ள ஓஷன்லிங்க்ஸ் நிறுவனத்தின் அலை இயந்திரம் நிறுவப் போகும் வழியிலேயே, இழுத்துச் செல்லும்போது சேதமாகி மூழ்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பது அடக்கமான ஒன்று: ஸ்பெயினின் முட்ரிக்கு ஊரில் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே வைத்த பதினாறு காற்று டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட், 2011 முதல். சுவர் எப்படியும் கட்ட வேண்டியது, இயந்திரம் உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது, ஆள் நடந்து போய்ப் பழுது பார்க்கலாம். அண்மையில் நம்பிக்கை தருவது ஸ்வீடன் நிறுவனமான கார்பவரின் 300 கிலோவாட் மிதவை. 2023-ல் அகுசடோராவிலேயே 18.5 மீட்டர் உயர அலையைத் தாங்கியது. புயலில் அலையோடு ஒத்திசையாமல் விலகிக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். காற்றாலை இறக்கையைத் திருப்பும் தந்திரம் அலைக்கும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மிதவை சரி. நூறு மிதவையின் செலவு இன்னும் தெரிய வேண்டும்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 150 கிலோவாட் நிலையம் 1991-ல் விழிஞ்ஞம் அலைத்தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கியது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, மேலே காற்று உள்ளேயும் வெளியேயும் பாயும். எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அதில் இருந்தது. அந்த டர்பைனின் குறை, காற்று வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை பிடி விட்டு ஆற்றல் சரிந்துவிடும். பெரிய அலை வரும்போது கிடைக்க வேண்டியது கைநழுவும். அதே ஐ.ஐ.டி. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் வெளியே, 20 மீட்டர் ஆழத்தில் சிந்துஜா-1 என்ற மிதவையைச் சோதித்தது. உற்பத்தி 100 வாட். பத்திரிகைச் செய்தியில் கிலோவாட்டா வாட்டா என்று கவனித்துப் படியுங்கள்.

உங்கள் கடலில் கணக்கு போட்டால், மன்னார் வளைகுடாவை இலங்கை கிழக்கிலிருந்து மறைப்பதால் அலை சிறிது. ஒரு மீட்டர் அலை, ஏழு நொடி என்று வைத்தால் மீட்டருக்கு மூன்றரை கிலோவாட். ஐந்து மீட்டர் அகல மிதவை ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தால் சராசரி மூன்றரை கிலோவாட், நாளைக்கு 80 யூனிட் சொச்சம். இருபது கிலோவாட் கூரை சோலார் அதைத் தந்துவிடும், யாரும் கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை. கிரிட்டுக்கு அலை மின்சாரம் நம் கரையில் எனக்கு நம்பிக்கை தருவதாக இல்லை. சோலார் பலகை வைக்க இடமில்லாத, கேபிள் இழுக்க முடியாத இடங்களில் அதற்கு வேலை உண்டு. சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் அலையால் இயங்கும் வழிகாட்டு மிதவை வைத்ததும், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் அலை இயந்திரத்தைக் கடலடி பேட்டரியோடு இணைத்து எண்ணெய்க் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்ததும் அந்த வகை. முதுகலை எடுத்தால் அப்படிச் சிறிய, விலையுயர்ந்த மின்சாரத்துக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் உள்ள தலைப்பாகப் பாருங்கள்.

மிதவைக் காற்றாலை நம் கடலுக்கு வருமா? உடனே வராது, தேவையும் இல்லை. கன்னியாகுமரி முதல் ராமநாதபுரம் வரை குறித்திருக்கும் மண்டலங்களில் தரையில் ஊன்றும் ஆழமே பெரும்பகுதி. ஒன்றிய அரசு 2024 ஜூனில் ஒதுக்கிய 7,453 கோடி ரூபாயும், குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட்டுக்கும் இரண்டு துறைமுகங்களை மேம்படுத்தவும்தான். அந்தப் பணத்துக்கு விலை குறைந்த வழி ஊன்றுவது. வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் கச்சான் காற்று நம் பலம், அதை மிதவை இல்லாமலே பிடிக்கலாம். இதுவரை இந்தியக் கடலில் மின் உற்பத்திக்கான ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை என்பதால், முதல் இயந்திரத்தையே மிதக்கவிட்டுப் பரிசோதிப்பது வீண் வீம்பு.

வலை பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வகையும் ஒன்றல்ல. ஊன்றிய காற்றாலைகளுக்கு நடுவே, கேபிளைப் புதைத்துவிட்டால், சிறு படகுகள் போகலாம். தூரத்தையும் விதியையும் பேசி முடிவு செய்யலாம். மிதவையில் நங்கூரக் கோடுகள் ஒவ்வொரு பக்கமும் அறுநூறு, எண்ணூறு மீட்டர் விரிந்து கிடக்கும். அங்கே இழுவை மடி போட முடியாது. நீரோட்டத்தில் மிதக்கவிடும் வழிவலை கேபிளிலோ சங்கிலியிலோ மாட்டினால் வலை போகும், சில நேரம் படகும் ஆபத்தில் விழும். ஹைவிண்ட் ஸ்காட்லாந்தில் கூடு, தூண்டில் போன்ற நிலையான முறைகளை உள்ளே வைத்துச் சோதனை மீன்பிடிப்பு செய்திருக்கிறார்கள், அது நடக்கக்கூடியது. ஆகவே உங்கள் ஊர்ச் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேபிள் எவ்வளவு ஆழம் புதைப்பார்கள், பார் (கடலடிப் பாறை) உள்ள இடத்தில் புதைக்க முடியாவிட்டால் மேலே எதைப் போட்டு மூடுவார்கள் என்பது. அடுத்தது கட்டுமான நாட்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வேலையை முடிக்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். கச்சான் தொடங்கிவிட்டால் அந்த அறுபது நாளில் பாதி கேபிள் கப்பலுக்கு உதவாது, வேலை மீன்பிடி நாட்களுக்குள் வழியும். இழப்பீட்டுக் கணக்கில் அந்த வழியலையும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

கடைசியாக, சேருவதற்கு முன் செய்ய வேண்டியவை. தரச்சான்று நிறுவனமான டி.என்.வி.யின் எஸ்.டி.-0119 என்ற மிதவைக் காற்றாலைத் தரநிலையையும், உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கக்கூடிய ஓ.எஸ்.-இ301 நங்கூரத் தரநிலையையும் பக்கத்தில் வைத்து, பாதுகாப்புக் காரணிகள் எங்கே மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் வேலை என்றால் காற்றாலைத் துறைக்கான ஜி.டபிள்யூ.ஓ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கேட்பார்கள். எண்ணெய்த் துறைச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது, செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். காற்றாலையின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஓப்பன்ஃபாஸ்ட் என்ற மென்பொருள் இலவசம். மெய்ன் பல்கலைக்கழகத்தின் வோல்டர்ன்-யு.எஸ். மிதவையில் 15 மெகாவாட் மாதிரி இயந்திரம் ஏற்றிய கோப்புகளும் திறந்தே கிடக்கின்றன. அதை இறக்கி, காற்று வரும் பக்கத்துக் கோட்டை நடு ஓட்டத்தில் அறுத்துவிடுங்கள். மிதவை எத்தனை மீட்டர் விலகுகிறது, மற்ற இரண்டு கோடுகளின் இழுவை எவ்வளவு ஏறுகிறது, அந்த விலகலைத் தாங்கக் கேபிளில் எவ்வளவு தளர்வு வேண்டும் என்று வரைபடம் போட்டு, வேலையில் சேரும் நாளில் கையோடு கொண்டு போங்கள்.